விர்ச்சுவல்பாக்ஸ்: ஆமை வந்தால் என்ன செய்வது?

12 வருடத்துக்கு முன்னால் நான் அடித்துக் கொடுத்த கும்பாபிஷேகப் பத்திரிகையை, தேதியையும் நன்கொடையாளர் பெயர்களையும் மட்டும் மாற்றித் திரும்பக் கொடுங்கள் என்று கோயில்காரர்கள் வந்து நின்றார்கள். ஃபைல் பேஜ்மேக்கர் 7 என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளில், ஃபான்ட் யூனிகோடுக்கு முந்தைய காலத்தது, அது ஓடிய விண்டோஸ் எக்ஸ்பி கம்ப்யூட்டரோ மூச்சை விட்டுவிட்டது. கையில் இருப்பது விண்டோஸ் 11 போட்ட புது லேப்டாப். சரி, ஒரு கம்ப்யூட்டருக்குள்ளேயே இன்னொரு கம்ப்யூட்டரை ஓட்டிக் காட்டும் விர்ச்சுவல்பாக்ஸ் மென்பொருள் இருக்கிறதே, அதற்குள் எக்ஸ்பியைப் போட்டுவிடலாம் என்று இறங்கினேன்.

இன்ஸ்டால் செய்ய ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. ஸ்டார்ட் பட்டனை அழுத்தியதும், ஏஎம்டி-வி (ஏஎம்டி பிராசஸரின் விர்ச்சுவலைசேஷன் வசதி, இது இருந்தால்தான் உள்ளே இன்னொரு கம்ப்யூட்டர் ஓடும்) பயாஸில், அதாவது விண்டோஸுக்கு முன்னால் வரும் அடிப்படை செட்டிங்கில், அணைந்து கிடக்கிறது என்று ஒரு எர்ரர். இது மென்பொருளின் கோளாறு இல்லை, லேப்டாப் வரும்போதே அப்படித்தான் வந்திருக்கிறது. டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ், அதில் சிபியு பக்கம் போனால் விர்ச்சுவலைசேஷன் எனேபிள்டா டிசேபிள்டா என்று போட்டிருக்கும், முதலில் அதைப் பாருங்கள். ஏஎம்டி என்றால் பயாஸில் எஸ்விஎம் மோட், இன்டெல் என்றால் விடி-எக்ஸ் மாதிரி பெயரில் இருக்கும். ஆனால் பயாஸில் கை வைப்பதற்கு முன்னால் டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கரின் 48 இலக்க ரிகவரி கீயை ஒரு பேப்பரில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், மாற்றிவிட்டு வந்ததும் சில லேப்டாப் அதைக் கேட்கும், அப்போது போய்த் தேட முடியாது.

அப்புறம் எக்ஸ்பி ஓடியது. ஓடியது என்பதே தப்பு, தவழ்ந்தது. ஜன்னலின் கீழே வலது மூலையில் ஒரு சின்னப் பச்சை ஆமை! விண்டோஸின் சொந்த விர்ச்சுவலைசேஷன் வசதியான ஹைப்பர்-வி ஏற்கெனவே பிராசஸரைப் பிடித்து வைத்திருக்கிறது, விர்ச்சுவல்பாக்ஸ் அதன் வழியாகத்தான் போகிறது என்பதற்கு அடையாளம் அது. நான் ஹைப்பர்-வியைத் தொட்டதே இல்லையே என்றால், விண்டோஸ் செக்யூரிட்டியின் கோர் ஐசொலேஷனில் மெமரி இன்டெக்ரிட்டி ஆன் ஆகியிருந்தாலே போதும், ஆமை வந்துவிடும். அதை அணைத்து ரீஸ்டார்ட் செய்தேன், ஆமை போய் ‘வி’ போட்ட ஐகான் வந்தது, எக்ஸ்பி பறந்தது. அது ஒரு பாதுகாப்பு வசதி, சும்மா அணைக்காதீர்கள். நான் வேலை முடிந்ததும் திரும்பப் போட்டுவிடுகிறேன். விண்டோஸ் ஃபீச்சர்ஸில் விர்ச்சுவல் மெஷின் பிளாட்ஃபார்ம் டிக் ஆகியிருந்தாலும் இதே கதைதான், ஆனால் விண்டோஸுக்குள் லினக்ஸ் ஓட்டும் டபிள்யூஎஸ்எல் 2 பயன்படுத்துகிறவர்கள் அதை எடுத்தால் லினக்ஸ் நின்றுவிடும்.

இன்னொரு கூத்து: மவுஸ் எக்ஸ்பிக்குள் போய் மாட்டிக்கொண்டது. வெளியே வர வலது கன்ட்ரோலை அழுத்த வேண்டும், என் கீபோர்டில் அந்த இடத்தில் கோபைலட் கீ உட்கார்ந்திருக்கிறது. விர்ச்சுவல்பாக்ஸின் ப்ரிஃபரன்ஸஸில் ஹோஸ்ட் கீயை (வெளியே வர அழுத்தும் கீக்கு அதுதான் பெயர்) வேறு கீக்கு மாற்றினேன். எக்ஸ்பிக்குள் போடும் துணை மென்பொருளான கெஸ்ட் அடிஷன்ஸ் போட்டதும் இந்தத் தொல்லையும் போய், இரண்டு பக்கமும் ஃபைல் பகிர ஷேர்டு ஃபோல்டரும் வந்துவிட்டது. எக்ஸ்பிக்கு 2014லேயே சப்போர்ட் நின்றுவிட்டதால் உள்ளே நெட்வொர்க்கை மட்டும் அறவே கழற்றிவிட்டேன்.

காசு விஷயம். விர்ச்சுவல்பாக்ஸின் அடிப்படை மென்பொருள் ஜிபிஎல் என்ற திறந்த உரிமத்தில் வருகிறது, வியாபாரம் செய்யும் கடையிலும் போட்டுக்கொள்ளலாம், இலவசம். கூடுதல் வசதிகள் தரும் எக்ஸ்டென்ஷன் பேக் சொந்த உபயோகம், படிப்பு மாதிரியானவற்றுக்குத்தான் இலவசம், எனக்கு அது தேவைப்படவே இல்லை. இதே வேலையைச் செய்யும் விஎம்வேர் வொர்க்ஸ்டேஷன் ப்ரோவும் 2024 கடைசியிலிருந்து எல்லோருக்கும் இலவசம்தான், ஆனால் டவுன்லோட் செய்ய அக்கவுண்ட் திறக்கச் சொல்வதால் நான் அந்தப் பக்கம் போகவில்லை.

ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். பத்திரிகை திறந்தது, ஒரு எழுத்துகூடக் கட்டம் கட்டமாகத் தெரியவில்லை. நன்கொடையாளர் பட்டியல்தான் இன்னும் கோயிலிலிருந்து வந்து சேரவில்லை.