ஏற்ற இறக்கமான இணைப்பில் ஃப்ரீபிஎஸ்டி மூலநிரல்: கிட் பயன்பாட்டு அனுபவம்

கிளிநொச்சியில் ஒரு சிறிய பதிப்பகத்தின் கோப்புச் சேர்வரை நெடுங்காலமாக ஃப்ரீபிஎஸ்டி என்ற இலவச இயங்குதளத்தில் நடத்தி வருகிறேன். வெளியீட்டுப் பதிப்புகளோடு நிற்பவர்களுக்கு ஃப்ரீபிஎஸ்டி-அப்டேட் என்ற இற்றைப்படுத்தும் கருவி தாராளமாகப் போதும். நான் வெளியீடுகளுக்கு இடையிலும் மாறிவரும் ஸ்டேபிள் கிளையைப் பின்தொடர்வதாலும், பழைய வலையட்டை ஒன்றின் இயக்கியில் சில வரிகளை மாற்றி வைத்திருப்பதாலும், மூலநிரல் முழுவதையும் வைத்துக்கொண்டு நானே கொம்பைல் செய்ய (இயங்கும் நிரலாக்க) வேண்டியிருக்கிறது.

இம்மூலநிரலின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவி 2008இல் சிவிஎஸ்ஸிலிருந்து சப்வேர்ஷனுக்கும், 2020 டிசெம்பரில் கிட்டுக்கும் மாறியது. சப்வேர்ஷனில் இணைப்பு நடுவில் அறுந்தால் ஒருமுறை கிளீனப் கட்டளையைக் கொடுத்துவிட்டு விட்ட இடத்திலிருந்து தொடரலாம். கிட்டின் குளோன், அதாவது களஞ்சியத்தை நகலெடுத்து இறக்குவது, அப்படியன்று. தொண்ணூறு வீதம் இறங்கியபின் சிக்னல் போனாலும் மீண்டும் முதலிலிருந்துதான். முழு வரலாற்றோடு ஒரு ஜிகாபைட்டுக்கும் மேல் வரும் களஞ்சியத்துக்கு, மழைக்காலத்து வன்னியின் மொபைல் இணைப்பை நம்பியிருப்பவருக்கு, இது சிறு குறையன்று. கிட்டின் மற்ற எல்லாச் சிறப்புகளையும் ஏற்றுக்கொண்ட பின்னரும் இதை நான் ஒரு பின்னடைவாகவே கருதுகிறேன்.

ஆழத்தை ஒன்றாகக் குறைத்து, அதாவது வரலாறின்றிக் கடைசி நிலையை மட்டும், குளோன் செய்வது பலரும் சொல்லும் வழி. தரவு வெகுவாகக் குறையும் என்பது உண்மை. ஆனால் கட்டப்பட்ட கேர்னலின் (இயங்குதளத்தின் கருவின்) பெயரில் கிளைக்கு அடுத்து 'என்' எழுத்தோடு வரும் மாற்ற எண்ணிக்கை, வரலாறு முழுமையாக இல்லாதபோது இடம்பெறாது. எந்தக் கேர்னல் முந்தியது, எது பிந்தியது என்று ஒரே பார்வையில் அறியும் வசதி போய்விடும். ஆகவே நான் தேர்ந்தெடுத்தது, களஞ்சியத்தை வரலாற்றோடு ஒரே கோப்பாகக் கட்டும் பண்டில் முறை. கொழும்பில் ஃபைபர் இணைப்பு வைத்திருக்கும் மச்சான் தன்னிடமிருந்த குளோனிலிருந்து ஸ்டேபிள் 14 கிளையை ஒரே பண்டில் கோப்பாக்கி, பென் டிரைவில் போட்டு, ஏ-9 வீதியால் வரும் பஸ்ஸில் ஊருக்கு வந்த ஒருவரிடம் கொடுத்தனுப்பினார். பஸ் வசதி இல்லாதவர்கள் அக்கோப்பை ஏதேனுமொரு சேர்வரில் ஏற்றிவைத்து, விட்ட இடத்திலிருந்து தொடரும் பதிவிறக்கக் கருவியால் பல இரவுகளில் இறக்கிக்கொள்ளலாம்.

பண்டிலைச் சரிபார்த்து, கிளையின் பெயரைக் குறிப்பிட்டு அதிலிருந்து குளோன் செய்தபின், ஒரிஜினின் (மாற்றங்கள் வரும் மூலக் களஞ்சியத்தின்) முகவரியை ஃப்ரீபிஎஸ்டியின் கிட் சேர்வருக்கு மாற்ற வேண்டும். இதோடு நிறுத்திவிட்டால், முதல் ஃபெட்ச் (புதிய மாற்றங்களை இறக்கும் கட்டளை), மெயின் என்ற முதன்மைக் கிளை உட்பட எல்லாக் கிளைகளையும் இழுக்கத் தொடங்கி, மிச்சப்படுத்திய டேட்டாவைத் தின்று தீர்த்துவிடும். 'கிட் ரிமோட் செட்-பிராஞ்சஸ்' கட்டளையால் வேண்டிய கிளையை மட்டும் கேட்குமாறு வரையறுத்த பின்பே இணையத்தைத் தொடுவது நல்லது. அதன்பின் அன்றாடம் வருவது வேறுபாடுகள் மட்டுமே; என் பக்கேஜில் அது ஒரு பொருட்டாகவே இல்லை.

அடுத்த முடிவு, எதைத் தானியக்கமாக்குவது என்பது. நள்ளிரவுக்குப் பிந்திய இரவு டேட்டாவுக்குள் விழுமாறு குறித்த நேரத்தில் கட்டளைகளை ஓட்டும் கிரானில் ஃபெட்ச்சை மட்டும் வைத்திருக்கிறேன்; இறக்கியதைக் கோப்புகளிலும் சேர்த்துவிடும் 'புல்' (pull) கட்டளையை வைக்கவில்லை. ஃபெட்ச் பாதியில் நின்றால் கிளையின் சுட்டி நகராது, வேலைசெய்யும் கோப்புகளும் தொடப்படா. மறுநாள் இரவு அது மீண்டும் கேட்டுக்கொள்ளும். கோப்புகளை மாற்றி எழுதும் கட்டத்தில் மின்சாரம் போனாலோ நிலைமை வேறு: மூலநிரல் மரம் பாதி பழையதும் பாதி புதியதுமாக நிற்பதோடு, இரு கட்டளைகள் மோதாதிருக்கக் கிட் வைக்கும் இன்டெக்ஸ் பூட்டுக் கோப்பும் எஞ்சியிருந்து அடுத்த கட்டளையைத் தடுக்கும். 2022 மார்ச் இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை போன நாட்களில் இந்தப் பிரிப்பின் அருமை நன்றாகவே விளங்கியது.

மீதியைக் கையாலேயே செய்கிறேன். முதலில் அப்டேட்டிங் கோப்பில் மட்டும் என்ன மாறியிருக்கிறது என்று ஃபெட்ச் ஆன கிளையோடு ஒப்பிட்டுப் படிப்பேன்; கொம்பைல் செய்வதற்கு முன் செய்யவேண்டியவற்றை உருவாக்குநர்கள் அங்கேதான் எழுதுகிறார்கள். பிறகு, தனிக் கிளையில் ஒரு கமிட்டாக (கிட்டில் பதிந்த மாற்றமாக) வைத்திருக்கும் என் இயக்கி மாற்றத்தைப் புதிய நிலையின்மேல் ரீபேஸ் செய்வேன், அதாவது மீண்டும் பொருத்துவேன். கமிட் செய்யாமல் விட்டுவைக்கும் மாற்றம் கேர்னலின் பெயரில் 'டர்ட்டி' என்ற வாலோடு தோன்றும். ரீபேஸும் அதை வைத்துக்கொண்டு நகராது.

சொந்த மாற்றம் எதுவும் இல்லாதவர்களுக்குக் கிட்டப் என்ற சிறிய கருவியைப் பரிந்துரைப்பேன். சி மொழியில் எழுதப்பட்ட அது, வரலாற்றைச் சேமிக்காமல் கோப்புகளை மட்டும் இற்றைப்படுத்துகிறது. அமைப்புக் கோப்பில் கிளையையும் அடைவையும் குறித்துவிட்டால் ஒரே கட்டளையில் வேலை முடியும். பழைய சிவிஎஸ்அப் கருவியின் காலத்துச் சப்ஃபைல் என்ற அமைப்புக் கோப்பை எழுதிப் பழகியவர்களுக்கு இது அந்நியமாகவும் இராது. ஆனால் ஒரு திருத்தம் எந்த நாளில், எதற்காக நுழைந்தது என்று தேட நேரும்போது அதனிடம் காட்டுவதற்கு எதுவும் இராது. வலையட்டை தகராறு செய்யும் ஒவ்வொரு முறையும் நான் முதலில் திறப்பது கிட்டின் பதிவேட்டைத்தான்.