வாக்கிங்கா, ஜிம்மா, யோகாவா? மூன்றையும் செய்து பார்த்த கணக்கு

மூன்று வருடங்களுக்கு முன்பு, என் 44 வயதில், ரத்தப் பரிசோதனையில் ஹெச்பிஏ1சி, அதாவது கடந்த மூன்று மாதச் சராசரி சர்க்கரை அளவு, 6.1 என்று வந்தது. 5.7 முதல் 6.4 வரை இருந்தால் சர்க்கரை நோய் வாசற்படி வரை வந்துவிட்டது என்று அர்த்தம். டாக்டர் மாத்திரை எழுதவில்லை. “சோத்தைக் குறைங்க, தினமும் எக்சர்சைஸ் பண்ணுங்க, மூணு மாசம் கழிச்சுப் பார்ப்போம்” என்றார். எந்த எக்சர்சைஸ் என்று கேட்கத் தோன்றாமல் வந்துவிட்டேன். வீட்டில் ஆளுக்கொரு பதில். அம்மா வாக்கிங் என்றார். தங்கை யோகா வகுப்பின் நம்பரை அனுப்பினாள். கல்லூரியில் படிக்கும் மகன், “ஜிம்முக்கு வாங்கம்மா, வெயிட் தூக்குங்க” என்றான். இந்த வயதில் வெயிட்டா என்று மறுத்துவிட்டேன்.

கடைசியில் மூன்றையும் ஒன்றன்பின் ஒன்றாகச் செய்து பார்த்தேன். பத்து மாதம் நடை, ஆறு மாதம் யோகா, அதற்கப்புறம் இன்றுவரை ஜிம். மூன்றும் நல்லவைதான். ஆனால் மூன்றும் ஒரே வேலையைச் செய்வதில்லை. நம் ஊரில் இதைத்தான் யாரும் பிரித்துச் சொல்வதில்லை.

எதைச் செய்தாலும் உண்மையில் பலன் உண்டா என்ற சந்தேகம் உங்களுக்கு இருந்தால், நமக்கு மிக அருகிலேயே விடை இருக்கிறது. சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழு, சர்க்கரை எல்லைக்கோட்டில் இருந்த 531 பேரை மூன்று வருடம் கவனித்து 2006-ல் முடிவை வெளியிட்டது. உணவை மாற்றி, தினமும் அரை மணி நேரமாவது வேகமாக நடக்கச் சொன்ன குழுவில் சர்க்கரை நோய் வரும் அபாயம் 28.5 சதவீதம் குறைந்தது. மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையை மட்டும் சாப்பிட்டவர்களுக்கு 26.4. இரண்டையும் சேர்த்துச் செய்தவர்களுக்கு 28.2. அதாவது ஒழுங்காக நடந்து, உணவையும் கவனித்தவர்களுக்கு மாத்திரை கூடுதலாக எதையும் தந்துவிடவில்லை. இதைப் படித்த அன்றுதான் ஷூ வாங்கினேன்.

நடை

கோவையில் இருப்பவர்களுக்கு ரேஸ்கோர்ஸ் சாலையைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஒரு சுற்று ஏறத்தாழ இரண்டரை கிலோமீட்டர், மரநிழல், நடப்பதற்கென்றே பாதை. காலை ஐந்தரைக்கு அங்கே போனால் பாதி ஊர் அங்கேதான் இருக்கும். 2023 நவம்பரில் தமிழக அரசு ‘நடப்போம் நலம் பெறுவோம்’ திட்டத்தில் மாவட்டந்தோறும் எட்டு கிலோமீட்டர் நடைபாதையை அடையாளம் காட்டியது. ஆக, இடம் இல்லை என்று சொல்ல முடியாது. ஷூவைத் தவிர செலவும் இல்லை.

ஆனால் நடப்பதும் உலாத்துவதும் வேறு. முதல் இரண்டு மாதம் பக்கத்து வீட்டு அக்காவோடு குடும்பக் கதையெல்லாம் பேசிக்கொண்டே போனேன்; எடை துளியும் அசையவில்லை. பிறகுதான் ஒரு எளிய அளவுகோல் தெரிந்தது. நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அந்த வேகத்தில் நடந்தால்தான் கணக்கு. அப்படி நடக்க ஆரம்பித்த பிறகு நான்கு கிலோ குறைந்தது, ஹெச்பிஏ1சி 5.9-க்கு இறங்கியது.

பத்தாயிரம் அடி என்ற எண்ணை வைத்துக்கொண்டு யாரும் மனம் உடைய வேண்டாம். அது 1965-ல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு அடி எண்ணும் கருவியின் பெயரிலிருந்து பரவியது. 2019-ல் அமெரிக்காவில், சராசரியாக 72 வயதான பெண்களிடம் நடந்த ஆய்வில், நாளுக்கு 4,400 அடி நடந்தவர்களுக்கே இறப்பு அபாயம் நன்றாகக் குறைந்திருந்தது. 7,500-க்கு மேல் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

அப்புறம், சர்க்கரை உள்ளவர்களுக்கு ஒன்று: காலை நடையைவிட இரவுச் சாப்பாட்டுக்குப் பின் நடக்கும் பதினைந்து நிமிடத்தின் பலன் சர்க்கரை பார்க்கும் கருவியிலேயே தெரியும். நடக்கும்போது தொடைத் தசைகள் இன்சுலினை அதிகம் எதிர்பார்க்காமலே ரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். நான்கு இட்லி சாப்பிட்டு ஒன்றரை மணி நேரம் கழித்து விரலில் குத்திப் பார்த்தேன். உட்கார்ந்திருந்த நாளில் 168, மாடிப்படியும் தெருவும் நடந்த நாளில் 139.

குறை? மழை, தெருநாய், விடியாத வேளையில் கழுத்துச் சங்கிலியைப் பற்றிய பயம். செயினைக் கழற்றி வைத்துவிட்டு வரும் பெண்களை ரேஸ்கோர்ஸில் நிறையப் பார்க்கலாம். இவற்றை எல்லாம் சமாளித்துவிடலாம். எனக்குப் பெரிதாகத் தெரிந்தது வேறு. ஆறாவது மாதத்தில் உடம்பு நடைக்குப் பழகிவிட்டது. நேற்று நடந்ததையே இன்றும் நடந்தேன். நேற்றைவிடக் கூடுதலாக ஒன்று செய்தோம் என்ற உணர்வு நின்றுபோனது.

யோகா

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் ஆறு மாதம்தான் செய்தேன். தூக்கத்துக்கு இதைவிட நல்லது எனக்குக் கிடைக்கவில்லை. இரவு இரண்டு மணிக்கு விழித்துக்கொண்டு விட்டத்தைப் பார்க்கும் பழக்கம் ஆறாவது வாரத்தில் போனது. விருட்சாசனத்தில் ஒற்றைக்காலில் ஐந்து நொடி நிற்க முடியாமல் தடுமாறியவள், வகுப்பு முடியும் காலத்தில் ஒரு நிமிடம் நின்றேன். வயதானவர்கள் கீழே விழுவதைத் தடுக்க இந்தச் சமநிலைதான் முக்கியம். சூரிய நமஸ்காரத்தை வேகமாகப் பத்துப் பன்னிரண்டு சுற்று செய்தால் மூச்சு வாங்கும், சரி. ஆனால் பெரும்பாலான வகுப்புகளில் நடக்கும் மெதுவான ஆசனங்கள் இதயத்தை அவ்வளவு வேலை வாங்குவதில்லை. என் சர்க்கரை அளவு அந்த ஆறு மாதத்தில் அப்படியே நின்றது. யோகா ஒன்றே எல்லாவற்றுக்கும் போதும் என்று சொல்பவர்களோடு என்னால் ஒத்துப்போக முடியவில்லை.

ஜிம்

வெயிட்டை நோக்கி என்னைத் தள்ளியது ஒரு பழைய கட்டுரை. புனேயைச் சேர்ந்த டாக்டர் யாஜ்னிக்கும் லண்டனைச் சேர்ந்த டாக்டர் யுட்கினும் 2004-ல் லான்செட் மருத்துவ இதழில் தங்கள் படங்களையே போட்டிருந்தார்கள். இருவருக்கும் பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கேற்ற எடைக் கணக்கு, 22.3. உடம்பில் கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2. பார்க்க ஒல்லியாக இருந்தாலும் நம்மவர்கள் உடம்பில் தசை குறைவு, கொழுப்பு அதிகம் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் இல்லை. சாப்பிடும் சர்க்கரையில் பெரும்பங்கை வாங்கிச் சேமிப்பது தசைதான். தசை குறைந்தால் சர்க்கரை எங்கே போகும்?

உலக சுகாதார நிறுவனமும் இரண்டு பாதியாகத்தான் சொல்கிறது. வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு ஒன்று. வாரம் குறைந்தது இரண்டு நாள் எல்லாப் பெரிய தசைகளுக்கும் வலுப்பயிற்சி மற்றொன்று. முதல் பாதியை ஊரே சொல்கிறது. இரண்டாவது பாதியைப் பெண்களிடம் யாருமே சொல்வதில்லை, ‘உடம்பு ஆம்பளை மாதிரி ஆகிவிடும்’ என்ற பயத்தை மட்டும் சொல்கிறார்கள். எனக்கு அப்படி எதுவும் ஆகவில்லை. தோள் நிமிர்ந்தது, அவ்வளவுதான்.

முதலில் சேர்ந்த ஜிம் சரியில்லை. ஒரு வருடப் பணத்தை மொத்தமாக வாங்கிக்கொண்டு, என்னை ட்ரெட்மில்லில் ஏற்றிவிட்டு, புரோட்டீன் பவுடர் டப்பா விற்பதிலேயே குறியாக இருந்தார்கள். இரண்டாவது இடத்தில் ஒரு ட்ரெய்னர் அம்மா கிடைத்தார். முதல் நாள் எடையே தரவில்லை. ஒரு ஸ்டூலைப் போட்டு, “இதுல உக்காந்து எந்திரிங்கக்கா, கை ஊனாம” என்றார். பத்துத் தடவைக்குள் தொடை நடுங்கியது. அதுதான் ஸ்குவாட் என்று பிறகு சொன்னார். அடுத்த வாரம் கையில் ஐந்து கிலோ டம்பெல். நோட்டில் தேதி, எடை, எத்தனை தடவை என்று எழுதச் சொன்னார். ஐந்து, ஏழரை, பத்து. அந்த நோட்டுதான் எனக்கு எல்லாவற்றையும்விடப் பெரிய மருந்து.

எங்கள் வீட்டுக்கு 20 லிட்டர் தண்ணீர் கேன் வரும். கணவரோ மகனோ இல்லாவிட்டால், கேன் கொண்டு வரும் தம்பியையே ஸ்டாண்டில் கவிழ்த்து வைத்துத் தரச் சொல்வேன். அவர் அவசரமாகப் போய்விட்ட நாளில் சொம்பால் மொண்டு குடித்திருக்கிறோம். ஜிம்மில் ஐந்தாவது மாதம். அந்தத் தம்பி வழக்கம்போல், “நானே தூக்கி வெச்சுடறேனுங்க அக்கா” என்று குனிந்தார். வேண்டாம் என்றேன். காலை அகட்டி நின்று, முழங்காலை மடித்து, கேனை நெஞ்சோடு அணைத்து எழுந்தேன். தொடைதான் வேலை செய்தது, முதுகு இல்லை. ஒரு சொட்டு சிந்தாமல் ஸ்டாண்டில் கவிழ்ந்தது. காற்றுக் குமிழி மேலே ஏறும் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு அப்படியே நின்றேன்.

அதே வாரம் அலுவலகத்தில், வருடக்கணக்காக என் தலையில் விழும் ஒரு கூடுதல் வேலையை, என்னால் முடியாது என்று நேராகச் சொன்னேன். இரண்டுக்கும் தொடர்பு உண்டென்றே நம்புகிறேன். ஆல்பர்ட் பண்டுரா என்ற உளவியலாளர் 1977-லேயே எழுதியிருக்கிறார்: ஒருவருக்குத் தன் திறன்மேல் நம்பிக்கை வர, மற்றவர் பாராட்டையும் அறிவுரையையும்விட, தானே ஒன்றைச் செய்து முடித்த அனுபவம்தான் பெரிய ஊற்று. வெயிட்டில் அந்த அனுபவம் வாரா வாரம் எண்ணாகவே கிடைக்கிறது. 33 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2018-ல் வந்த ஒரு தொகுப்பும், வலுப்பயிற்சி மனச்சோர்வின் அறிகுறிகளைக் குறைக்கிறது என்றே சொன்னது.

பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்

பணத்தில் நடைதான் முதலிடம், அதில் பேச்சே இல்லை. என் யோகா வகுப்புக்கு மாதம் எண்ணூறு, ஜிம்முக்கு ஆயிரத்து இருநூறு. நேரத்தில் ஜிம் ஆச்சரியமாகக் குறைவு: வாரம் இரண்டு நாள், நாளுக்கு நாற்பத்தைந்து நிமிடம் போதும். காயத்தில் ஜிம்மைத்தான் பயப்பட வேண்டும். சரியாகச் சொல்லித்தர ஆள் இல்லையென்றால் போகவே போகாதீர்கள். நெஞ்சில் அழுத்தம், அடிக்கடி தலைசுற்றல் இருப்பவர்களும், இன்சுலின் போட்டுக்கொள்பவர்களும் எதை ஆரம்பித்தாலும் டாக்டரிடம் கேட்டுவிட்டே ஆரம்பிக்க வேண்டும். ரத்த அழுத்தம் உள்ளவர்கள் எடை தூக்கும்போது மூச்சை அடக்கக் கூடாது.

முதல் முறையாகத் தொடங்குபவருக்கு நடையைத்தான் சொல்வேன், அதுவும் இரவுச் சாப்பாட்டுக்குப் பின். மூன்று மாதம் விடாமல் நடந்துவிட்டால் வாரம் இரண்டு நாள் வெயிட்டைச் சேர்த்துவிடுங்கள், நடையை விட்டுவிடாமல். ஜிம்முக்குப் போக முடியாத வீடாக இருந்தால் இரண்டு டம்பெல்லும் ஒரு ஸ்டூலும் போதும். தூக்கம் வராதவர்கள், கீழே விழுந்துவிடுவோமோ என்று பயப்படுபவர்கள் யோகாவையும் சேர்த்துக்கொள்ளலாம். நான் இப்போது திங்களும் வியாழனும் ஜிம், மற்ற நாள் நடை, படுக்கும் முன் பத்து நிமிடம் ஆசனம். போன மாதம் ஹெச்பிஏ1சி 5.6.

அம்மாவுக்கு 71 வயது. மூட்டுவலி என்று நடையையே குறைத்துவிட்டிருந்தார். அவருக்கும் அந்த ஸ்டூலைத்தான் போட்டேன். நெஞ்சில் கையைக் கட்டிக்கொண்டு அரை நிமிடத்தில் எத்தனை தடவை எழுந்து உட்கார முடிகிறது என்பது, முதியவர்களின் கால் பலத்தைப் பார்க்கும் ஒரு சோதனை. அந்த வயதுப் பெண்களுக்குப் பத்துக்குக் கீழே போனால் விழும் அபாயம் உண்டு என்று கணக்கு. தீபாவளிக்கு முன்பு அம்மா ஆறு. பொங்கலுக்கு ஒன்பது. நேற்று நான் பதினொன்று என்று எண்ணி முடித்ததும், “கண்ணு, அந்த நோட்டுல எழுதிட்டயா?” என்று கேட்டார்.