பெற்றோர், துணை, நடுவில் நீங்கள்: விலகுவதா, தூது போவதா, நேரே பேசுவதா?

பெற்றோரை முன்னிட்டுத் தம்பதிக்குள் சண்டை மூண்டால், பெரும்பாலானவர்கள் இந்த மூன்றில் ஒரு வழியைத்தான் பிடிக்கிறார்கள்.

பெற்றோரை விட்டு விலகுவது உடனே நிம்மதி தரும். அடி, மிரட்டல், குழந்தைக்கு ஆபத்து என்றால் அதுவே சரி, யோசிக்க வேண்டியதில்லை. மற்ற நேரங்களில் அதற்கு விலை உண்டு. அறுத்துவிட்ட உறவின் பதற்றம் தீராமல் துணையின் மீதும் பிள்ளைகள் மீதும் இறங்குகிறது என்று அமெரிக்க மனநல மருத்துவர் மரே போவன் விளக்கினார். அம்மாவின் குறைகூறலுக்குச் சுருங்கியே வளர்ந்தவருக்கு, துணை சாதாரணமாக “பில் கட்டியாச்சா?” என்று கேட்டாலும் குற்றச்சாட்டாகவே விழும். ஒரு தாளில் மூன்று தலைமுறையை வரைந்து பாருங்கள்: ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், சண்டைக்கு வளைந்து நெளியும் கோடு, பேச்சு நின்ற இடத்தில் வெட்டிய கோடு. வெட்டிய கோடு தாத்தா காலத்திலிருந்தே திரும்பத் திரும்ப வந்தால், விலகல் உங்கள் குடும்பத்தின் பழக்கமாக இருக்கலாம்.

தூது போவது அன்பான வழியாகத் தெரியும். எங்கள் கணிப்பில் மூன்றிலும் மோசம் இதுதான். “அவளுக்கு உடம்பு சரியில்ல, அதான் வரல” என்று மகன் பூசி மெழுகுகிறார். உண்மைக் காரணம் பெற்றோருக்குப் போய்ச் சேர்வதே இல்லை. மருமகள்தான் தடை என்ற எண்ணம் மட்டும் இறுகுகிறது. “அவருக்குப் பிடிக்காதும்மா” என்று மகள் சொல்வதும் இதே கதைதான். தன் முடிவைத் துணையின் தலையில் கட்டிவிடுகிறார்.

நேரே பேசுவது கடினம், ஆனால் நிற்கும். முதலில் இருவரும் அரை மணி நேரம் உட்கார்ந்து ஒரே ஒரு விஷயத்தை மட்டும் முடிவு செய்யுங்கள். யாருடைய பெற்றோரோ அவரே பேச வேண்டும். மூன்று வாக்கியம் போதும்:

“அம்மா, வர்றதுக்கு முந்தின நாள் ஒரு போன் பண்ணிடுங்க. சொல்லாம வந்தா அன்னைக்கு என்னால உட்கார்ந்து பேச முடியாது. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் நானே கூப்பிடுறேன்.”

வேண்டுகோள், நான் செய்யப்போவது, உறவைக் காக்கும் உறுதி. மூன்றாவதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். அது இல்லாவிட்டால் கதவைச் சாத்துவது போலத்தான் கேட்கும்.

பிறகு எதிர்ப்பு வரும். அதன் படிகளையும் போவன் சொல்லியிருக்கிறார்: “நீ செய்றது தப்பு”, “பழையபடி மாறிடு”, “மாறலேன்னா நடக்கிறதே வேற”. மூன்றாவதில்தான் பெரும்பாலோர் பணிந்துவிடுகிறார்கள். ஒரு முறை பணிந்தால், எவ்வளவு அழுத்தினால் வேலை நடக்கும் என்பதை நீங்களே கற்றுக்கொடுத்ததாகிவிடும். அடுத்த முறை அழுத்தம் அங்கிருந்துதான் தொடங்கும். காரணங்களை அடுக்காதீர்கள், ஒவ்வொன்றுக்கும் பதில் வரும். அதே வாக்கியத்தை, அதே குரலில் திரும்பச் சொல்லுங்கள். கோபமான வாரத்திலும் ஞாயிற்றுக்கிழமை அழைப்பைத் தவறவிடாதீர்கள்.

ஏற்கெனவே பேச்சு நின்றுபோன வீட்டில், வன்முறை காரணமாக இல்லாத பட்சத்தில், பிறந்தநாள் வாழ்த்தாக ஒரு வரி அனுப்பித் தொடங்கலாம். பதில் வந்தால் பத்து நிமிட அழைப்பு. பழைய சண்டையை அந்தப் பத்து நிமிடத்துக்குள் கொண்டுவர வேண்டாம்.