பியோங்யாங்: கார் பலகையா, கட்சிப் போஸ்டரா?

வட கொரியத் தலைநகரில் வணிக விளம்பரம் அபூர்வம். 2000களில் சில இடங்களில் நின்றவை பியோங்ஹ்வா மோட்டார்ஸ் என்ற கார் நிறுவனத்தின் விளம்பரப் பலகைகள். நாம்போ என்ற துறைமுக நகரில், இத்தாலிய ஃபியட் சியெனா காரின் மாதிரியில் பாகங்களைப் பூட்டிச் செய்த ‘ஹ்விபராம்’ கார் (சீழ்க்கை என்று பொருள்) அதில் பளபளக்கும். வாங்கக்கூடியவர் எத்தனை பேர்? என் கணக்கில் அது காரை விற்க வைத்த பலகையே அல்ல, ‘நம்மிடமும் கார் உண்டு’ என்று காட்ட வைத்தது.

2009இல் அரசுத் தொலைக்காட்சியில் தேதோங்காங் பீர் விளம்பரம் வந்தது. இரண்டு நிமிடத்துக்கும் மேல் ஓடியது. நுரை பொங்கும் கிளாஸ், ‘பியோங்யாங்கின் பெருமை’ என்ற புகழ்ச்சி. வேடிக்கை என்னவென்றால், அந்த ஆலையின் இயந்திரங்கள் இங்கிலாந்தில் மூடப்பட்ட ஒரு மதுவடிப்பாலையிலிருந்து வாங்கியவை.

கட்சிப் போஸ்டர்களின் கதை வேறு. ஓவியர்கள் கையால் வரைவார்கள். சிவப்புப் பின்னணி, முஷ்டி, ஏவுகணை, நெற்கதிர். இவை எதையும் வாங்கச் சொல்வதில்லை, வேலை செய்யச் சொல்கின்றன.

வீட்டுக்குள்ளும் படம் உண்டு. தலைவர்களின் படங்கள் மாட்டிய சுவரில் வேறெதுவும் தொங்கக்கூடாது. தூசி தட்டத் தனித் துணி. கார் பலகைக்கு மழைதான் துணி. எது யாருக்கு முக்கியம் என்பது அதிலேயே தெரிந்துவிடுகிறது.