ஆறில் இரண்டு மட்டுமே பழையவை: செட்டாக விற்கப்படும் பழைய நாற்காலிகள் குறித்து ஓர் எச்சரிக்கை

பழைய காலத்து நாற்காலிகளைச் செட்டாக வாங்க நினைப்பவர்கள், பணம் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். செட்டிநாட்டு வீடொன்றிலிருந்து எடுத்த, நூறு ஆண்டு கடந்த பர்மா தேக்கு நாற்காலிகள் என்று சொல்லி எங்களுக்கு விற்கப்பட்ட ஆறில் இரண்டு மட்டுமே பழையவை. மற்ற நான்கும் அந்த இரண்டைப் பார்த்து அண்மையில் செய்யப்பட்டு, சாயமேற்றி, தேய்த்து, பழையவை போல ஆக்கப்பட்டவை. புகார் நுகர்வோர் ஆணையத்தில் நிலுவையில் இருப்பதால் கடையின் பெயரை எழுதவில்லை. ஆனால் இந்த ஏமாற்று முறை ஒரே கடையோடு நிற்பதில்லை என்று மரத்தொழிலில் இருப்பவர்களே சொல்வதால், அது நடந்த விதத்தை முழுமையாக எழுதுகிறேன்.

கடை சென்னையில் இருக்கிறது. படங்களை மட்டும் நம்பாமல் நானும் என் மனைவியும் நேரில்தான் போனோம். முன்னால் வைத்திருந்த நாற்காலியைக் கவிழ்த்துப் பார்க்கத் தாராளமாக விட்டார்கள். அடிப்பக்கம் இடத்துக்கு இடம் வேறுபட்ட கருமையோடு இருந்தது. விரலால் தடவியபோது இழைப்புளி ஓடிய மெல்லிய அலைகள் தட்டுப்பட்டன. மூட்டுகளில் மர ஆணி அடித்திருந்தது. அந்த நாற்காலியில் குறை சொல்ல எதுவும் இல்லை. மற்ற ஐந்தும் பின்கட்டில் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கிக் கிடந்தன. பாலிஷ் இன்னும் காயவில்லை, கை பட்டால் ரேகை விழுந்துவிடும் என்று சொல்லி அருகில் போகவிடவில்லை. “ஆறும் ஒரே வீட்டுச் சாமான் சார். ஒரு ஆச்சி வீட்டைப் பிரிக்கும்போது மொத்தமா எடுத்தது. இந்த மாதிரி ஏழாவது ஒண்ணு தேடினாலும் கிடைக்காது” என்றார் உரிமையாளர். ஒரு நாற்காலி 14,000 ரூபாய், ஆறுக்கும் சேர்த்து 84,000 ரூபாய். பில்லில் ‘மர நாற்காலி – 6’ என்று மட்டுமே இருந்தது. மரத்தின் பெயரையும் காலத்தையும் எழுதித் தரும்படி நான் வற்புறுத்தியபோது, பில்லில் அதற்கு இடமில்லை என்று சொல்லி, அதே விவரங்களை வாட்ஸ்அப்பில் செய்தியாக அனுப்பினார். இன்று எங்கள் கையில் இருக்கும் வலுவான சான்று அந்தச் செய்திதான்.

வீட்டுக்கு வந்தவற்றில் ஒன்றின் பிரம்புப் பின்னல் ஓரத்தில் அறுந்திருந்தது. அதைச் சரிசெய்ய, பழைய மரச் சாமான்களிலேயே காலம் கழித்த ஓர் ஆசாரியை அழைத்தோம். அவர் அறுந்த பின்னலை விட்டுவிட்டு, ஆறு நாற்காலிகளையும் மொட்டைமாடி வெயிலில் கவிழ்த்து வரிசையாக வைக்கச் சொன்னார். வைத்த மாத்திரத்தில் எங்களுக்கே வித்தியாசம் தெரிந்தது. இரண்டின் அடிப்பக்கத்தில், காற்றுப் பட்ட இடம் ஒரு நிறமாகவும், சட்டத்துக்குள் மறைந்த இடம் வெளிறியும், மூலைகளில் அழுக்கு இறுகியும் இருந்தன. மற்ற நான்கின் அடிப்பக்கம் முழுவதும் ஒரே பழுப்பு. குறுக்குச் சட்டத்தின் மறைவில் அந்தப் பழுப்பு நீர் வழிந்து நின்ற தடமாகவே காய்ந்திருந்தது. பொட்டாசியம் பெர்மாங்கனேட் கரைசலைப் பூசினால் வெளிறிய மரமும் சற்று நேரத்தில் பழுப்பேறிவிடும் என்று ஆசாரி விளக்கினார். காலம் இப்படி ஒரே சீராகப் பூசுவதில்லை.

அடுத்து அவர் கடைசல் கால்களைக் காலிப்பரால் அளந்தார். இதைத்தான் எல்லோரும் கற்றுக்கொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன். மரம் உலரும்போது எல்லாத் திசையிலும் ஒரே அளவில் சுருங்குவதில்லை. ஆண்டு வளையங்களை ஒட்டிய திசையில் அதிகமாகவும், நடுவிலிருந்து வெளிப்புறம் நோக்கிய திசையில் குறைவாகவும் சுருங்கும். அதனால் கடைசலில் சரியான வட்டமாகக் கடைந்த கால், பல பத்தாண்டுகளில் மிக இலேசாக நீள்வட்டமாகிவிடுகிறது. பழைய இரண்டு நாற்காலிகளிலும் காலின் ஒரே இடத்தைக் குறுக்கும் நெடுக்குமாக அளந்தபோது, ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகத்தான் என்றாலும், ஒவ்வொரு காலிலும் வித்தியாசம் இருந்தது. மற்ற நான்கிலும் எப்படித் திருப்பி அளந்தாலும் ஒரே அளவு. சரியாக உலராத பச்சை மரத்தில் கடைந்த புதிய காலும் விரைவில் கோணிக்கொள்ளும் என்பதால், நீள்வட்டமாக இருப்பது மட்டுமே பழமைக்குச் சான்றாகாது. ஆனால் நூறு வயது என்று சொல்லப்படும் கால் இம்மியும் பிசகாத வட்டமாக இருந்தால், கடைக்காரரிடம் கேள்வி கேட்க அது போதுமான காரணம்.

தேய்மானத்தையும் அவர் தொட்டுக் காட்டினார். உண்மையில் புழங்கிய நாற்காலியில் கை படும் இடமும் கால் படும் இடமும்தான் தேயும்: இழுத்துப் போடும்போது பிடிக்கும் சாய்மானத்தின் மேல்விளிம்பு, உட்கார்ந்தவர் பாதத்தை ஊன்றும் முன்புறக் குறுக்குச் சட்டம், தரையில் உரசும் பின்கால்களின் அடி. எங்கள் நான்கு போலிகளில் முன்சட்டமும் பின்சட்டமும் ஒரே அளவுக்குத் தேய்ந்திருந்தன. பின்சட்டத்தில் யாரும் காலை வைப்பதில்லை. அங்கே தேய்த்தது உப்புத்தாள்தான்.

மரமும் வேறு. பழைய இரண்டும் வைரம் பாய்ந்த, அதாவது மரத்தின் முற்றிய உட்பகுதியிலிருந்து எடுத்த தேக்கு. ஆசாரி அடியில் நகக்கண் அளவுக்குச் சுரண்டியபோது தேக்குக்கே உரிய, தோல் பதனிட்டதைப் போன்ற எண்ணெய் வாடை எழுந்தது. போலிகளின் சட்டங்களில் வைரத்தோடு வெள்ளையும், அதாவது முற்றாத வெளிப்புற மரமும், கலந்திருந்தது. சாயத்துக்கு அடியில் அந்த வெளிறிய பட்டை தெளிவாகத் தெரிந்தது. வெள்ளைப் பகுதியில்தான் உளுக்கும் பூச்சி முதலில் நுழையும் என்பதால், தோற்றத்தை விட்டுவிட்டாலும் இது நாற்காலியின் ஆயுளைக் குறைக்கும் குறை. இரண்டு நாற்காலிகளில் இருக்கைச் சட்டத்தை ஸ்டார் ஸ்க்ரூ கொண்டு முடுக்கியிருந்தார்கள். அந்த வகைத் திருகாணி 1930களின் நடுப்பகுதியில்தான் அமெரிக்காவில் சந்தைக்கு வந்தது. பிற்காலத்தில் பழுது பார்த்தவர் போட்டிருக்கலாம் என்று வாதிட இடமுண்டு. ஆனால் அதைக் கழற்றிப் பார்த்தபோது, அந்தத் துளையில் வேறெந்த ஆணியும் இருந்ததற்கான தடமே இல்லை.

கடையில் கேட்டபோது முதலில் மறுத்தார்கள். பிறகு, “பழைய வீட்டு உத்திரத்தை அறுத்துச் செய்தது சார், மரம் பழசுதானே” என்றார்கள். இந்தப் பதில் பலருக்கும் சொல்லப்படுவதால் இதைப் பற்றிச் சற்று எழுத வேண்டும். பழைய உத்திரத்தையும் கதவையும் அறுத்து இன்று நாற்காலி செய்வது நல்ல வேலை; அப்படிச் செய்பவர்களை நான் மதிக்கிறேன். அதை அப்படியே சொல்லி, அதற்குரிய விலைக்கு விற்றால் யாருக்கும் குறையில்லை. நேற்று செய்த நாற்காலியை ஒரு குடும்பம் மூன்று தலைமுறை உட்கார்ந்த நாற்காலி என்று சொல்லி விற்பது மோசடி. எங்கள் நான்கிலோ அந்தச் சமாதானமும் நிற்கவில்லை; உத்திரத்து மரமாக இருந்தால் எங்கேயாவது பழைய ஆணித் துளையும் அதைச் சுற்றி இரும்புக் கறையும் இருக்கும் என்று ஆசாரி தேடிப் பார்த்தார், ஒன்றுகூட இல்லை.

செட்டிநாட்டுப் பெயருக்கு இவ்வளவு மதிப்பு வந்ததற்கு வரலாறு இருக்கிறது. நகரத்தார் பர்மாவில் வட்டித்தொழில் செய்த காலத்தில் அங்கிருந்து தேக்கு கொண்டுவந்து மாளிகைகள் கட்டினார்கள். 1942இல் ஜப்பானியர் பர்மாவைப் பிடித்ததும் அந்தத் தொழில் குலைந்தது. பின்னர் பங்காளிகள் பல ஊர்களுக்கும் சிதறி, பராமரிக்க முடியாத வீடுகள் பிரிக்கப்பட்டபோது கதவு, தூண், பெட்டி, பாத்திரம் எல்லாம் விற்பனைக்கு வந்தன. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகள் அப்படி வளர்ந்தவை. ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். அந்த வீடுகளில் பெரும்பாலும் பந்தி தரையில்தான். விருந்தினரும் வணிகத் தொடர்புடையவர்களும் அமர்வதற்கு முகப்பிலும் கூடத்திலும் நாற்காலிகள் இருந்தன. அப்படியிருக்க, சாப்பாட்டு மேசைக்கு ஏற்ற, கைப்பிடியில்லாத, அச்சு அசலாக ஒன்றுபோலிருக்கும் ஆறும் எட்டும் ஒரே வீட்டிலிருந்து வந்தன என்றால் அது நடக்கக் கூடியதுதான், ஆனால் அரிது. அரிதான ஒன்று கேட்ட எண்ணிக்கையில் கேட்டவுடன் கிடைக்கும்போது எண்ணிக்கையைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். ஜோடி சேராத நான்கு உண்மையான பழைய நாற்காலிகள், ஒன்றுபோலிருக்கும் ஆறு போலிகளைவிட எந்த வீட்டுக்கும் அழகு என்பது என் உறுதியான கருத்து.

ஆகவே வாங்கப் போகிறவர்கள் ஒவ்வொரு நாற்காலியையும் பகல் வெளிச்சத்தில் கவிழ்த்துப் பார்க்க வேண்டும். பாலிஷ் காயவில்லை என்றால் காய்ந்த பிறகு வருகிறேன் என்று சொல்லிவிடலாம். பார்த்து முடித்த ஒவ்வொன்றின் இருக்கைக்கு அடியிலும் பென்சிலால் கையெழுத்திட்டு, அந்த இடத்தைப் படமெடுத்துக்கொள்வது நல்லது. காட்டியது ஒன்று, அனுப்பியது ஒன்று என்ற தந்திரத்துக்கு இதைவிட எளிய தடை எனக்குத் தெரியவில்லை. மறைவான இடத்தில் ஒரு சொட்டு ஸ்பிரிட் வைத்தால் அரக்கு பாலிஷ் பிசுபிசுக்கும், இன்றைய பியூ (பாலியூரித்தேன்) பாலிஷ் அசையாது. புதிய பாலிஷ் மட்டுமே குற்றமல்ல என்றாலும், பாலிஷ் தொடப்படவே இல்லை என்று சொல்லி விற்பவரின் பேச்சை இது சோதித்துவிடும். பிரம்பின் அடிப்பக்கத்தில் ஈரத்துணியை வைத்தால் உண்மைப் பிரம்பு ஈரத்தை உறிஞ்சி நிறம் மாறும், பிளாஸ்டிக் பின்னலில் நீர் முத்தாக நிற்கும். வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைகளுக்கு அனுப்புவதற்காக வாங்குகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி, நூறு ஆண்டு கடந்த கைவினைப் பொருள் தொல்பொருளாகக் கருதப்படக்கூடும், தொல்பொருளைத் தனியார் ஏற்றுமதி செய்ய முடியாது, அதை விற்பனை செய்யும் தொழிலுக்கும் உரிமம் வேண்டும். நூறு ஆண்டு என்று அடித்துச் சொல்பவரிடம் அந்த உரிமத்தைக் கேளுங்கள்.

ஏற்கெனவே ஏமாந்தவர்களுக்கும் வழி இருக்கிறது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பொருளின் தரத்தைப் பற்றிப் பொய்யாகச் சொல்லி விற்பதை நியாயமற்ற வணிக நடைமுறை என்கிறது. கடை எந்த ஊரில் இருந்தாலும், நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் கொடுக்கலாம். கொடுத்த தொகை ஐந்து லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் பதிந்துகொள்ளலாம். கடைக்காரர் அனுப்பிய செய்திகளையும் குரல் பதிவுகளையும் அழிக்காமல் வைத்திருங்கள். முக்கியமாக, வழக்கு முடியும்வரை அந்த நாற்காலிகளுக்கு மறு பாலிஷ் போடவோ, திருகாணியை மாற்றவோ, பிரம்பைப் புதிதாகப் பின்னவோ கொடுக்காதீர்கள். ஆணையம் நியமிக்கும் வல்லுநர் பார்க்க வேண்டிய சாயத் தடமும் துளைகளும் அந்த வேலையிலேயே அழிந்துவிடும்.