பூஜாங் பள்ளத்தாக்கு: பினாங்கிலிருந்து ஒரு முழு நாள் கொடுக்க வேண்டிய இடம்

சோழர் கல்வெட்டுகள் சொல்லும் கடாரத்தை, அதாவது பழைய கெடாவைப் பார்த்துவிட வேண்டும் என்று ஆசையோடு பூஜாங் பள்ளத்தாக்குக்குக் கிளம்பும் நம்மவர்களில் பலர், அங்குள்ள மெர்போக் தொல்லியல் அருங்காட்சியகத்திலிருந்து முகம் வாடித்தான் திரும்புகிறார்கள். கோபுரத்தையும் சிற்பத்தையும் மனதில் வைத்துக்கொண்டு வருகிறார்கள். இங்கே எஞ்சியிருப்பது அடித்தளம். அந்த அடித்தளத்தைப் படிக்கத் தெரிந்து வந்தால் மலேசியாவில் இதற்கு ஈடான இடம் வேறில்லை.

கார் இருந்தால் சிரமமில்லை. பாலத்தைக் கடந்து வடக்கே நெடுஞ்சாலையில் போய், சுங்கை பட்டாணியில் இறங்கி, செமெலிங் வழியாக மெர்போக். ஜோர்ஜ் டவுனிலிருந்து ஒன்றரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். கார் இல்லாதவர்கள் ஃபெரி ஏறி, பட்டர்வொர்த்தில் கொம்யூட்டர் ரயில் பிடித்து, சுங்கை பட்டாணியிலிருந்து கிராப் வாடகைக் காரில் போகலாம். கோலாலம்பூரிலிருந்து வரும் இ.டி.எஸ். ரயிலும் அங்கே நிற்கிறது. சிக்கல் திரும்பும்போதுதான். மெர்போக்கில் கிராப் கிடைப்பது அரிது. இறங்கும்போதே அதே ஓட்டுநரிடம் பேசித் திரும்பும் நேரத்தைக் குறித்துவிடுங்கள்.

கெடாவில் வார விடுமுறை வெள்ளியும் சனியும் என்பதைப் பினாங்குக்காரர்கள் அடிக்கடி மறந்துவிடுகிறார்கள். வெள்ளி நண்பகலில் தொழுகைக்காகக் கதவு மூடியிருக்கும். சனி இரண்டு மாநிலத்துக்கும் விடுமுறை, ஆகவே கூட்டம். ஞாயிறு காலை ஒன்பது மணிக்குப் போய் நின்றால், ஓடைச் சத்தம் கேட்கும் அளவுக்கு அமைதி.

உள்ளே போனதும் காட்சிக்கூடத்துக்குள் நுழையாதீர்கள். வெயில் ஏறும் முன் ஓடையை ஒட்டி மேலே ஏறி, புக்கிட் பத்து பஹாட் சண்டியை முதலில் பாருங்கள். சண்டி என்பது இங்குள்ள பழங்கோயில்களுக்கான மலாய்ப் பெயர். மலாயில் ‘பஹாட்’ என்றால் உளி. இங்கே தொல்லியலார் 8ஆம் எண் கொடுத்திருக்கும் இந்தக் கோயில்தான் பள்ளத்தாக்கில் கண்டெடுத்தவற்றில் பெரியது. வளாகத்தில் பார்க்கும் மற்ற சண்டிகள் வேறிடங்களிலிருந்து கொண்டுவந்து நிறுத்தியவை, இது மட்டும் கட்டிய இடத்திலேயே இருக்கிறது. 1936-37இல் தொல்லியலாளர்களான குவாரிச் வேல்ஸ் தம்பதியர் அகழ்ந்தார்கள். 1960ஐ ஒட்டி அலஸ்டேர் லேம்ப் மேற்பார்வையில் கற்களை மறுபடி அடுக்கி நிறுத்தினார்கள்.

முன்னே தாழ்வாக ஒரு தளம், பின்னே உயர்ந்த தளம். முன்னது மண்டபம், பின்னது விமானம். நம் ஊர்க் கோயிலில் கண்ணை மூடிக்கொண்டு நடந்தாலும் கால் அறிந்த அமைப்பு. இப்போது குனிந்து, தரையில் வரிசையாக நிற்கும் கல் பீடங்களைப் பாருங்கள். ஒவ்வொன்றின் நடுவிலும் குழி வெட்டியிருக்கும். மரத்தூணின் அடியை அதில் இறக்கி நிறுத்தினார்கள். கூரையும் மரவேலைதான். அதனால்தான் மேலே எதுவும் மிஞ்சவில்லை. ஈரமும் கறையானும் மரத்தைத் தின்றன, கருங்கல் நின்றது. பீடங்களை எண்ணிக்கொண்டே மெதுவாகச் சுற்றி வந்தால், இல்லாத தூண்கள் ஒவ்வொன்றாய் எழுந்து நிற்பதை உணரலாம். ஒரு மணி நேரம் இதற்கே தகும்.

பிறகு காட்சிக்கூடம். மணிகள், சீனப் பீங்கான், மேற்காசியக் கண்ணாடிச் சில்லுகள், யோனி பீடம் என்று இருக்கின்றன. பள்ளத்தாக்கின் பழைய துறையான பெங்காலான் பூஜாங்கில் கிடைத்த சீனப் பீங்கானுக்கு நேரம் ஒதுக்குங்கள். கோயிலும் துறைமுகமும் ஒரே வாழ்வின் இரு பக்கங்கள் என்பதை அது சொல்லும். கோயிலுக்கு அடியில் புதைத்த கல்பேழைகளையும் தவறவிடாதீர்கள். பொன் தகடு, மணி முதலியவற்றைச் சிறு கலத்தில் இட்டு, கல்லுக்குள் வைத்து மூடி, அதன்மேல் கட்டினார்கள்.

குறை என்று சொன்னால், விளக்கம்தான். பலகைகள் மலாயிலும் ஆங்கிலத்திலும் உண்டு, தமிழில் இல்லை. இந்த இடத்துக்கு இது பெருங்குறை. அந்த வெற்றிடத்தில் தவறான கதைகள் புகுந்துவிடுகின்றன. ராஜேந்திர சோழன் கட்டிய கோயில் என்று பிள்ளைகளிடம் சொல்லாதீர்கள். அவன் படை கடாரத்தைத் தாக்கியது 1025இல். இந்தக் கோயிலை அவன் கட்டினான் என்பதற்குக் கல்வெட்டு ஏதுமில்லை. பௌத்தமும் சைவமும் சேர்ந்து வாழ்ந்த துறை இது. 1834இல் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜேம்ஸ் லோ பினாங்கின் செபராங் பிறையில் கண்டெடுத்த மாலுமி புத்தகுப்தனின் கல்வெட்டு பௌத்தத்தைச் சேர்ந்தது; அது இப்போது கொல்கத்தாவில் இருக்கிறது.

கற்பூரம், எண்ணெய், குங்குமம் வேண்டாம். சூடுபட்டால் கல்லின் மேற்பரப்பு செதிள் செதிளாகப் பெயரும். எண்ணெய் உள்ளே இறங்கினால் கழுவினாலும் போகாது. கைகூப்பி நின்றாலே போதும். 2013இல் 11ஆம் எண் சண்டி வீடமைப்பு வேலைக்காக இடித்துத் தள்ளப்பட்ட பிறகு, மிஞ்சிய ஒவ்வொரு கல்லும் நமக்கு விலைமதிப்பற்றது.

செப்டம்பர் முதல் நவம்பர் வரை மழை அதிகம், படிகளில் பாசி வழுக்கும். பிடிப்புள்ள காலணி வேண்டும், கொசு மருந்து எந்த மாதமும் வேண்டும். சைவம் சாப்பிடுகிறவர்கள் வீட்டிலிருந்தே கட்டிக்கொண்டு வருவது நல்லது, அல்லது சுங்கை பட்டாணிக்குத் திரும்பும்வரை பொறுக்க வேண்டும்.

மதியத்துக்கு மேல் சுங்கை பத்து. மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் 2009 முதல் அகழ்ந்த இரும்பு உருக்குக் களம் அது. துருத்திக் காற்றை உலைக்குள் செலுத்திய சுடுமண் குழாய்களின் துண்டுகளைப் பார்த்த பிறகு, கப்பல்கள் ஏன் இங்கே வந்தன என்ற கேள்விக்குப் பாதி பதில் கிடைத்துவிடும். நேரம் மிச்சமிருந்தால் திரும்பும் வழியில் புக்கிட் மெர்தாஜாமில் இறங்குங்கள். செயின்ட் ஆன் தேவாலய வளாகத்தில் செரோக் தொக்குன் பாறைக் கல்வெட்டு இருக்கிறது. எழுத்து தேய்ந்துவிட்டதால் நேர்வெளிச்சத்தில் ஒன்றும் தெரியாது, சாய்வெயில் வேண்டும். ஜூலை கடைசியில் மட்டும் போகாதீர்கள். 26ஆம் தேதித் திருவிழாவுக்கு வரும் கூட்டத்தில் பாறையருகே நிற்கக்கூட இடம் கிடைக்காது.