சிவப்புப் பட்டனை நம்பி வாங்காதீர்கள்: லேண்ட்லைன் கால் பிளாக்கர் பற்றி

வீட்டு லேண்ட்லைனுக்கு ஒரு கால் பிளாக்கர், அதாவது தொல்லை அழைப்புகளைத் தடுக்கும் பெட்டி, வாங்கிப் பொருத்திச் சில மாதங்கள் ஆகின்றன. முழுதாகப் படிக்க நேரமில்லாதவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெட்டியின் தலையில் பெரிதாக ஒரு சிவப்புப் பட்டன் இருக்கிறது, விளம்பரம் முழுக்க அந்தப் பட்டனைப் பற்றித்தான், அது கிட்டத்தட்ட வீண். கையேட்டின் கடைசிப் பக்கங்களில் பொடி எழுத்தில் ஒளிந்திருக்கும் ஒரு செட்டிங்குக்காக மட்டும் இதை வாங்கலாம். நிறுவனத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. இந்த வகைப் பெட்டிகள் பெரும்பாலும் ஒரே அடிப்படையில்தான் வேலை செய்கின்றன, அதனால் பெயரைவிட எந்த வசதி இருக்கிறது, எது இல்லை என்று பார்த்து வாங்குவதே முக்கியம்.

இன்னுமா லேண்ட்லைன் என்று கேட்பீர்கள். வயதானவர்கள் இருக்கும் வீடு என்றால் கேட்க மாட்டீர்கள். அம்மாவுக்கு செல்போன் பிடிக்காது, ஆனால் இந்த போன் அடித்தால் எந்த அறையில் இருந்தாலும், எந்த வேலையில் இருந்தாலும், முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்து எடுத்துவிடுவார். எடுத்தால் எதிர்முனையில் ஒன்றுமே இருக்காது. இரண்டு விநாடி அமைதி, ஒரு 'டிக்', அப்புறம் பின்னணியில் பலர் பேசும் இரைச்சலோடு யாரோ ஒருவர் வணக்கம் சொல்வார், அல்லது அதுவும் இல்லாமல் கட்டாகிவிடும். அம்மா இதற்குப் 'பேய் கால்' என்றே பெயர் வைத்திருந்தார். அந்த அமைதிக்குக் காரணம் இருக்கிறது. அங்கே மனிதர் யாரும் டயல் செய்வதில்லை. மென்பொருள்தான் ஒரே நேரத்தில் பல எண்களுக்கு அடித்துக்கொண்டே இருக்கும், யாராவது எடுத்தால் அந்த நொடியில் சும்மா இருக்கும் ஏஜென்டிடம் தள்ளிவிடும், எல்லா ஏஜென்டும் பேச்சில் இருந்தால் தானே துண்டித்துவிடும். நாம் சொன்ன 'ஹலோ' மட்டும் வீணாவதில்லை, இந்த எண்ணில் ஆள் இருக்கிறது என்று அங்கே குறிப்பு ஏறிவிடும்.

சரி, பெட்டிக்கு வருகிறேன். சுவர் சாக்கெட்டுக்கும் போனுக்கும் நடுவில் இது உட்காரும். லைனில் அழைப்பவரின் எண்ணைக் காட்டும் காலர் ஐடி சேவை இருந்தால்தான் வேலை செய்யும், இல்லாவிட்டால் பெட்டிக்குக் கண்ணே கிடையாது, ஆகவே வாங்கும் முன் அதை உறுதி செய்துகொள்ளுங்கள். அழைப்பவரின் எண் பல இடங்களில் முதல் ரிங்குக்கும் இரண்டாம் ரிங்குக்கும் இடையில்தான் லைனில் வருகிறது, அதனால் பிளாக் செய்த எண்ணாக இருந்தாலும் முதல் ரிங் பாதியாவது கேட்டுவிடும். 'வாங்கியும் போன் அடிக்கிறதே' என்று ஒற்றை நட்சத்திரம் கொடுத்துப் புலம்புகிறவர்கள் பலருக்கும் இதுதான் நடந்திருக்கும். அதைப் பழுது என்று சொல்ல முடியாது. விலை கூடிய சில மாடல்கள் எண் வந்து சேரும் வரை ரிங்கையே உள்ளே விடாமல் பிடித்து வைக்கும். பகலில் தூங்குபவர் வீட்டில் இருந்தால் அப்படிப்பட்டதையே பாருங்கள்.

இப்போது அந்தச் சிவப்புப் பட்டன். தொல்லை அழைப்பு வந்ததும் பேச்சின் நடுவிலேயே ஒரு தட்டு தட்டினால் லைன் கட்டாகும், அந்த எண் கறுப்புப் பட்டியலில் ஏறும். தட்டுவதற்கு அருமையாகத்தான் இருக்கிறது, எங்கள் அத்தை வந்தால் அந்த வேலையை வேறு யாருக்கும் விடமாட்டார். ஆனால் பயன்? மோசடிக்காரர்கள் பெரும்பாலும் தங்கள் சொந்த எண்ணைக் காட்டி அழைப்பதில்லை. இணையவழி அழைப்பில் எந்த எண்ணிலிருந்து வருவதாகக் காட்ட வேண்டும் என்பதை அழைப்பவரே எழுதிவிட முடியும். இன்று ஒரு எண், நாளை இன்னொன்று, அதிலும் உங்கள் எண்ணின் முதல் சில இலக்கங்களையே வைத்து ஒரு எண்ணை உருவாக்கி, பக்கத்துத் தெருக்காரர் போலத் தோன்றச் செய்வார்கள். நீங்கள் கோபமாகத் தட்டிப் பட்டியலில் ஏற்றியது எதுவும் அறியாத யாரோ ஒருவருடைய எண்ணாக இருக்கலாம். ஒருநாள் அவர் உண்மையிலேயே அழைக்க நேர்ந்தால் அவருக்குக் கதவு சாத்தியிருக்கும். தொழிற்சாலையிலேயே ஆயிரக்கணக்கான தொல்லை எண்களை ஏற்றித் தருகிறோம் என்று அட்டையில் போட்டிருக்கிறார்களே, அதற்கும் இதே கதிதான். அது பழைய எண்களின் குவியல், வாங்கும்போது அதை ஒரு சிறப்பாகக் கணக்கில் எடுக்காதீர்கள்.

போலி எண்ணை நெட்வொர்க்கிலேயே தடுக்க முடியாதா என்றால், முயற்சி நடக்கிறது. அழைப்பு கிளம்பும் இடத்திலேயே தொலைபேசி நிறுவனம் எண்ணுக்கு டிஜிட்டல் கையொப்பம் போட்டு அனுப்பும் ஸ்டிர்/ஷேக்கன் என்ற முறை அமெரிக்காவில் பெரிய நிறுவனங்களுக்கு 2021 ஜூன் 30 முதல் கட்டாயமானது. ஆனால் அது இணைய முறையில் இயங்கும் ஐபி நெட்வொர்க்குக்காகச் செய்யப்பட்டது, வழியில் பழைய எக்ஸ்சேஞ்ச் ஒன்று குறுக்கிட்டாலே கையொப்பம் உதிர்ந்துவிடும். நம்முடைய பெட்டியோ அந்தப் பழைய உலகத்தின் கடைசி முனையில் உட்கார்ந்திருக்கிறது. தவிர, எண் உண்மையானது என்பதைத்தான் கையொப்பம் சொல்லும், ஆள் யோக்கியனா என்று சொல்லாது.

ஆகவே யாரை விடக்கூடாது என்று பட்டியல் போடுவதை விட்டுவிட்டு, யாரை விடலாம் என்று போட வேண்டும். நான் சொன்ன அந்த ஒளிந்த செட்டிங் அதுதான். குடும்பம், நண்பர்கள், டாக்டர், அக்கம்பக்கம் என்று தெரிந்த எண்களை ஏற்றிவிடுகிறோம், அவை நேராக உள்ளே வரும். மற்ற எல்லோருக்கும் போன் அடிக்காது, பெட்டியே எடுத்து ஒரு அறிவிப்பைச் சொல்லும்: பேச வேண்டுமானால் 5-ஐ அழுத்துங்கள். அழுத்தினால்தான் நம் வீட்டில் ரிங். பதிவு செய்த குரலை ஓட்டும் ரோபோ அழைப்புகள் இந்த இடத்திலேயே விழுந்துவிடுகின்றன, எதிரே சொல்வதைக் கேட்டு நடக்க அவற்றுக்குத் தெரியாது. ஏஜென்ட் வைத்திருப்பவர்களும் பெரும்பாலும் அழுத்துவதில்லை, அவர்களுக்கு அடுத்த எண் வரிசையில் காத்திருக்கிறது. இந்தச் செட்டிங்கை இயக்கியபின் பேய் கால் எங்கள் வீட்டில் நின்றேவிட்டது. அம்மா ஓரிரு நாள் கழித்து ரிசீவரைக் காதில் வைத்து, லைன் செத்துவிட்டதா என்று பார்த்தார்.

தலைவலி இல்லாமல் இல்லை. அறிவிப்பு முதலில் ஏதோ அமெரிக்க ஆங்கிலத்தில், மிரட்டுகிற மாதிரி இருந்தது. புது எண்ணிலிருந்து கூப்பிட்ட சித்தப்பா அதைக் கேட்டுப் பயந்து வைத்துவிட்டு, 'உங்கள் வீட்டில் ஏதோ மிஷின் பேசுகிறது, எல்லோரும் நன்றாகத்தானே இருக்கிறீர்கள்' என்று என் செல்லுக்கு அடித்தார். நல்லவேளையாக அறிவிப்பை நாமே பதிவு செய்துகொள்ளலாம், தமிழில் மெதுவாகப் பேசிப் பதிந்ததும் அந்தப் பிரச்சினை தீர்ந்தது. இந்த வசதி இல்லாத மாடலைத் தொடவே தொடாதீர்கள். பதியும்போது வீட்டுப் பெயர், ஆள் பெயர் எதுவும் வேண்டாம்.

இன்னொன்று, நமக்கு வேண்டிய அழைப்புகளிலும் இயந்திரங்கள் உண்டு. மருத்துவமனை நினைவூட்டல், குரல் வழியாக வரும் ஓடிபி, இவை எதுவும் 5-ஐ அழுத்தாது. அந்த எண்கள் தெரிந்தால் ஏற்றிவிடலாம். ஆனால் சில மருத்துவமனைகள் எண்ணை மறைத்தே அழைக்கின்றன, மறைந்த எண்ணைப் பட்டியலில் ஏற்ற வழியில்லை. 5-ஐ அழுத்தாதவர்களை அப்படியே துண்டிக்காமல் வாய்ஸ்மெயிலுக்கு அனுப்பும் மாடல் என்றால் இந்தக் கவலை பாதி குறையும். எங்கள் பெட்டி துண்டித்துவிடுகிறது, ஒரு நட்சத்திரத்தை அதற்காகவே கழிக்கிறேன்.

கையேடு சொல்லாத விஷயம் ஒன்று: அனுமதிப் பட்டியலில் உங்கள் வங்கியின் எண்ணை ஏற்றாதீர்கள். முதலில் ஏற்றத் தோன்றுவது அதுதான். ஆனால் எண்ணைப் போலியாகக் காட்ட முடியும் என்றால், மோசடிக்காரன் முதலில் போடும் வேஷமும் வங்கி எண்தான். பட்டியலில் அது இருந்தால் பெட்டி அவனை மரியாதையாக உள்ளே அழைத்துவரும், காலர் ஐடியில் பெயரும் காட்டும், அம்மா சந்தேகமே படமாட்டார். காவல்துறை, வரி அலுவலகம் என்று எந்த அலுவலகமாக இருந்தாலும் இதே கணக்கு. அவர்கள் 5-ஐ அழுத்தட்டும், அதன்பிறகும் நாமே வைத்துவிட்டுத் திரும்பக் கூப்பிடலாம், வங்கி அட்டையின் பின்புறம் அச்சிட்டிருக்கும் எண்ணுக்கு. அதையும் இதே லேண்ட்லைனில் உடனே செய்ய வேண்டாம். சில லைன்களில் நாம் ரிசீவரை வைத்தாலும் கூப்பிட்டவர் வைக்கும்வரை இணைப்பு சிறிது நேரம் பிடித்தபடியே இருக்கும். அந்த இடைவெளியில் போலியாக டயல் டோனைப் போட்டுக் காத்திருந்து, நாம் வங்கி எண்ணை அழுத்தியதும் 'வங்கியிலிருந்து பேசுகிறோம்' என்று அவர்களே தொடர்ந்த மோசடிகள் நடந்திருக்கின்றன. செல்போனிலிருந்து கூப்பிடுங்கள், அல்லது முதலில் தெரிந்த ஒருவருக்கு அடித்து அவர் குரல் வருகிறதா என்று பாருங்கள்.

இணைப்பதில் பெரிய வித்தையில்லை. பழைய செப்புக் கம்பியில் டிஎஸ்எல் இணையமும் வருகிறது என்றால், இணையத்தையும் பேச்சையும் பிரிக்கும் ஃபில்டருக்கு அப்புறம் போனுக்கு முன்னால் மாட்டுங்கள். ஃபைபர் என்றால் ரவுட்டரின் போன் துளைக்கும் போனுக்கும் இடையில். கார்ட்லெஸ் என்றால் பேஸுக்கு மட்டும் போதும். மாடியில் தனிக் கம்பியில் இன்னொரு போன் இருந்தால் அதற்குப் பாதுகாப்பு இருக்கிறதா என்று மாடலைப் பொறுத்துக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், எங்களுடையது தனக்குப் பின்னால் இருப்பதை மட்டும்தான் காக்கிறது.

வீட்டில் ஸ்மார்ட்போன் மட்டும்தான் என்றால் இந்தப் பெட்டி தேவையே இல்லை. ஐபோனில் தெரியாத எண்களை ஒலிக்காமல் செய்யும் வசதி 2019-ல் ஐஓஎஸ் 13-உடன் வந்துவிட்டது. கூகுள் பிக்சலில் நமக்குப் பதிலாக போனே கேள்வி கேட்கும் கால் ஸ்கிரீன் 2018-லிருந்து இருக்கிறது. ட்ரூகாலர் செயலி பலர் கொடுக்கும் புகார்களை நம்பி இயங்குவது, அதனால் புத்தம் புதிய போலி எண்ணிடம் அதுவும் சிவப்புப் பட்டன் மாதிரியே ஏமாறும்.

என் மதிப்பு ஐந்துக்கு மூன்று. அனுமதிப் பட்டியல், சொந்தக் குரல் அறிவிப்பு, வாய்ஸ்மெயில் மூன்றும் சேர்ந்த மாடல் கிடைத்தால் நான்கு தருவேன். பட்டன் மட்டும் உள்ளதைக் கடையில் நீட்டினால் வாங்காமல் வந்துவிடுங்கள். எண்களை ஏற்ற ஒரு மதிய நேரம் ஒதுக்கி, அம்மாவின் பழைய டைரியோடு அவரையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். யார் யார் அவரைக் கூப்பிடுகிறார்கள் என்பது அவருக்குத்தான் தெரியும்.